பற்றரியில் இயங்கும் மரம் அரியும் வாள்: வீட்டுத் தேவைக்கு எதைப் பார்த்து வாங்குவது?

2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையேறிய இரவு எங்கள் வளவு வேம்பின் கொப்பொன்று முறிந்து கூரையில் விழுந்தது. நான்கு தகரமும் ஒரு வளையும் போயின. வீட்டிலிருந்த மூவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொப்பை அரிந்து இறக்க ஆள் கிடைக்க ஒன்பது நாட்கள் ஆயின. புயலுக்குப் பிறகு மெசின் வைத்திருப்பவருக்கு ஊரெல்லாம் வேலை. ஆண்துணை இல்லாத வீடு என்றால் வரிசையில் கடைசிதான். வந்தவரும் அரை மணித்தியால வேலைக்கு ஒரு நாள் கூலி கேட்டார், விறகையும் தனக்கே கேட்டார். கொடுத்தோம்.

அப்போதுதான் சொந்தமாக ஒரு வாள் வாங்கவேண்டும் என்று நினைத்தேன். பெற்றோல் மெசினை ஒருவரிடம் வாங்கி இழுத்துப் பார்த்தேன். 2009 இல் என் வலது தோளில் ஏறிய ஷெல்துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்தால் கை விழங்காமல் போகலாம் என்று வைத்தியர் விட்டுவிட்டார். இழுத்து ஸ்ராட் செய்யும் கயிற்றை நான்காம் முறை இழுத்தபோது தோள் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமை வாளியும் தூக்க முடியவில்லை. ஆகவே பற்றரி வாள்தான் எனக்கு வழி. இதைத் தேடிப் படித்து, பிழையாக ஒன்றும் சரியாக ஒன்றும் வாங்கி, ஐந்து மாரிகளில் பாவித்து அறிந்ததை எழுதுகிறேன். என்னைப்போல உடம்பில் இரும்போடு வளவு பார்க்கிறவர்கள் இந்த மாவட்டங்களில் குறைவில்லை.

வயதானவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரிகூட வடக்குக்குள் வரமுடியாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். இன்று பற்றரியில் வேம்பு அரிகிறோம்.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

வருடத்துக்கு இரண்டு தடவை முருங்கைக் கொப்பு வெட்டுவதுதான் வேலை என்றால் வேண்டாம். நல்லதொரு மடக்கு வாளும் கொக்கத்தடியும் போதும். முருங்கை மென்மையான மரம், கைவாளே வெண்ணெய்போல இறங்கும். வேலிக் கதியால் வெட்டவும் கத்திதான் சிறந்தது. கிளுவையும் பூவரசும் வெட்டுமுகம் சிதையாமல் இருந்தால்தான் நன்றாகத் துளிர்க்கும். சங்கிலி அதைப் பிய்த்துவிடும்.

மறுபக்கத்தில், விறகு அரிந்து விற்பவருக்கும் தென்னந்தோப்பில் விழுந்த மரங்களைத் துண்டு போடுபவருக்கும் பற்றரி வாள் போதாது. அவர்களுக்குப் பெற்றோல் மெசின்தான் சரி. தாங்கி முடிந்தால் ஊற்றிக்கொண்டு நாள் முழுதும் அரியலாம்.

இடையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வாள்: கூரைக்கு மேல் வளரும் வேப்பங்கொப்பு, புயலுக்கு விழுந்த வாகை, பாதையை மறிக்கும் உடைவேல், அடுப்புக்குச் சேர்த்த கட்டைகள். மாதத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் வேலை. பெற்றோல் மெசினை இப்படி இடைவிட்டுப் பாவித்தால் அதற்கு வருத்தம் வரும். ஒயில் கலந்த பெற்றோல் மாதக்கணக்கில் காபரேற்றரில் கிடந்து பிசினாகிவிடும். அவசரத்துக்கு எடுத்தால் இயங்காது. பற்றரி வாள் ஆறு மாதம் கிடந்தாலும் அமத்தினால் ஓடும். 2022 இல் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை. அதே வருடம் மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போனதும் உண்மை. என்றாலும் கரண்ட் வந்த நேரத்துக்குள் ஒரு பற்றரி ஏறிவிடும்.

லேபிளை நம்பி ஏமாந்த கதை

நான் முதலில் வாங்கியது இணையத்தில் விளம்பரம் பார்த்த ஒரு குட்டி வாள். ஆறு அங்குலப் பட்டை, இரண்டு பற்றரி, பெட்டியில் கொட்டை எழுத்தில் 88 என்றொரு இலக்கம், பக்கத்தில் வோல்ற் போல ஏதோ ஒன்று. மணிக்கட்டுப் பருமனுள்ள வேப்பங்கொப்பில் வைத்தேன். பாதியில் நின்றது. திரும்ப அமத்தினேன், திரும்ப நின்றது. அண்ணாவின் மகன் கிளிநொச்சியில் மோட்டார் சுற்றும் கடையில் வேலை செய்கிறான். அவனிடம் கொண்டுபோனேன்.

"மாமி, பெட்டியில எழுதினதப் பாக்காதேங்கோ. சார்ஜரைப் பாருங்கோ" என்றான்.

சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் வெளியீடு 21 வோல்ற் என்று இருந்தது. அவன் விளங்கப்படுத்தினான். லிதியம் செல் ஒன்று முழுதாக ஏறும்போது 4.2 வோல்ற், சாதாரணமாக 3.6. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் ஏறும்போது 21, பாவனையில் 18. ஆகவே 21 வோல்ற் சார்ஜர் வந்தால் உள்ளே இருப்பது 18 வோல்ற் பற்றரிதான். வெளியே 48 என்றாலும் 88 என்றாலும் 288 என்றாலும் அது விற்பனைக்குப் போட்ட இலக்கம். 36 வோல்ற் பற்றரிக்குப் பத்துச் செல் தொடராக வேண்டும், அதன் சார்ஜர் 42 வோல்ற் காட்டும். நல்ல கம்பனிகளிலும் 18, 20 என்ற குழப்பம் இருக்கிறது. 20 என்பது அதே ஐந்து செல்லின் உச்ச அளவு. 18க்கும் 20க்கும் வித்தியாசமில்லை, 36க்கும் 40க்கும் அப்படியே.

அடுத்த பொய் அம்பியர்-மணியில். சாதாரண 18650 வகைச் செல் ஒன்று நல்லதாக இருந்தால் 2 முதல் 3 அம்பியர்-மணிவரை கொள்ளும். எவ்வளவு நல்லதென்றாலும் 3.5ஐத் தாண்டுவது அரிது. அப்படியானால் ஐந்து செல் மாத்திரமுள்ள பற்றரியில் 6 எப்படி வரும்? ஐந்தைந்தாக இரண்டு வரிசை இருந்தால்தான் 5, 6 என்று வரலாம். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, நிறுத்துப் பார்த்தால் தெரியும். இந்தச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். பத்துச் செல்லுள்ள பற்றரி கூடோடு 600 கிராமுக்குக் கிட்ட வரவேண்டும். என் பற்றரி 320 கிராம் நின்றது. பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார்.

எந்தப் பற்றரியையும் ஒப்பிட ஒரே கணக்குப் போதும். வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்குங்கள், வருவது வாற்-மணி. 18 வோல்ற், 5 அம்பியர்-மணி என்றால் 90. 36 வோல்ற், 5 என்றால் 180. இதுதான் உங்கள் பெற்றோல் தாங்கியின் அளவு. பச்சை வேம்பில் மூன்று நான்கு அங்குலக் கொப்புகளை என் 90 வாற்-மணிப் பற்றரி நாற்பது தடவைக்குக் கிட்ட அரிகிறது. எட்டு அங்குலக் கட்டை என்றால் பத்துக்குள் களைத்துவிடும். காய்ந்த மரமும் மொட்டைச் சங்கிலியும் இதை இன்னும் குறைக்கும். செலவைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு யூனிற் மின்சாரத்தில் இதை எட்டு ஒன்பது முறை ஏற்றலாம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு

குட்டி வாளின் கதையைக் கேட்ட ரொறன்ரோ அண்ணா நல்லதொன்றை வாங்கி, விடுமுறையில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். நல்ல சாமான்தான். சார்ஜரைப் பிளக்கில் போட்டேன், 'பட்' என்றது, மணந்தது, அவ்வளவுதான்.

"அண்ணா, இதில 120 எண்டெல்லே போட்டிருக்கு."

"அட, அத நான் யோசிக்கேல்லையே தங்கச்சி."

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். எங்களுக்கு 230. கைத்தொலைபேசி சார்ஜர்கள் இரண்டுக்கும் பொருந்துவதால் எல்லாம் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். வாள், துறப்பணம் போன்றவற்றின் சார்ஜர் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு வேறு. அதன் அடியில் உள்ளீடு 100-240 என்று இருந்தால் பயமில்லை, 120 என்று மட்டும் இருந்தால் இங்கே கருகும். பிளக் மாற்றும் அடப்ரர் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றைக் குறைக்காது. பிரித்தானியா, ஐரோப்பா, அவுஸ்திரேலியாவிலிருந்து வருவன 230இல் ஓடுபவை, அவற்றுக்கு அடப்ரர் போதும். கனடாக்காரர் வாளையும் பற்றரியையும் அங்கே வாங்கி, அதே கம்பனியின் 230 வோல்ற் சார்ஜரை இலங்கையில் வாங்கச் சொல்வதுதான் நல்லது. நான் கடைசியில் அப்படித்தான் செய்தேன். கொழும்பிலிருந்து எடுப்பித்த சார்ஜரில் அதே பற்றரி இன்றுவரை ஏறுகிறது. பற்றரிக்கு நாடு தெரியாது, சார்ஜருக்குத்தான் தெரியும்.

விமானத்திலும் கவனம் வேண்டும். கழற்றிய லிதியம் பற்றரியைப் பொதியில் போட்டு அனுப்பக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும். 100 வாற்-மணிவரை தடையில்லை. 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு மட்டும். 160க்கு மேல் பயணிகள் கொண்டுவரவே முடியாது. 18 வோல்ற் 5 அம்பியர்-மணி 90தான், வரும். 36 வோல்ற் 4 அம்பியர்-மணி 144, கேட்டுக்கொண்டு வரலாம். 36 வோல்ற் 5 அம்பியர்-மணி 180, விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். இரண்டு 18 வோல்ற் பற்றரிகளைச் சேர்த்துப் போட்டு 36 ஆக ஓடும் வாள்களும் இருக்கின்றன. மகிற்றா அப்படிச் செய்கிறது. கொண்டுவருவதற்கு அது வசதி. வாளை மட்டும், சங்கிலியைக் கழற்றிச் சுற்றி, பொதியில் போடலாம்.

பட்டையின் நீளமும் சங்கிலியும்

பெரிய பட்டை நல்லது என்று கடையில் சொல்வார்கள். பட்டை நீண்டால் மோட்டாருக்குச் சுமை, பற்றரிக்குச் செலவு, கைக்குப் பாரம். நீங்கள் வழக்கமாக அரியும் மரத்தின் விட்டத்தை அளந்து அதற்கு மேல் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு அங்குலக் கொப்புக்குப் பத்து அங்குலப் பட்டை. 18 வோல்ற்றுக்கு 10 அங்குலம் அளவானது. 12 போடலாம், ஆனால் இழுபடும். 14, 16 அங்குலம் வேண்டுமானால் 36 வோல்ற்றுக்குப் போங்கள். 18 வோல்ற் வாள் பற்றரியோடு மூன்று, மூன்றரைக் கிலோ வரும். 36 வோல்ற் பெரியது ஐந்து கிலோவைத் தொடும். அரிசிப் பை அல்லவே தோளில் வைக்க, நீட்டிப் பிடிக்கவேண்டிய பாரம். கடையில் ஐந்து நிமிடம் கையில் வைத்திருந்து பாருங்கள். தோளோ மணிக்கட்டோ முறைப்பாடு சொன்னால் விளம்பரத்தைக் கேட்காதீர்கள், அதைக் கேளுங்கள்.

சங்கிலியின் வேகம் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்று நல்ல கம்பனிகள் எழுதியிருக்கும். 10க்குக் கீழே என்றால் நிதானமாகத்தான் அரியும். 15, 20 என்றால் பெற்றோல் மெசினுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாராக இருக்கவேண்டும் என்பது என் மருமகனின் ஒரே பிடிவாதம். பிரஷ் உள்ளது மலிவு, ஆனால் தேயும், சுடும், பற்றரியையும் கூடக் குடிக்கும். பணம் எதிலாவது கூடக் கொடுக்கலாம் என்றால் இதில் கொடுக்கலாம்.

வாங்கும் அன்றே இன்னொரு சங்கிலியும் வாங்குங்கள். பட்டையின் அடியில் மூன்று அளவுகள் பொறித்திருக்கும்: கண்ணிகளுக்கிடையே உள்ள தூரம், பட்டைப் பள்ளத்தின் அகலம், உள்ளே ஓடும் பற்களின் எண்ணிக்கை. மூன்றும் பொருந்தினால்தான் சங்கிலி பொருந்தும். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருங்கள். வீட்டு வாள்களில் அதிகம் வருவது எட்டில் மூன்று அங்குலத்தின் தாழ்ந்த வகை. அதற்கு 4 மில்லிமீற்றர் வட்ட அரம் தேவை. அரிந்த தூள் செதிலாக வந்தால் சங்கிலி கூர். மாப்போல வந்தால் மொட்டை, நிறுத்தி அரத்தை எடுங்கள். மொட்டைச் சங்கிலியை அமத்தி அரிவதுதான் பற்றரியையும் மோட்டாரையும் கொல்லும் முதல் காரணம்.

ஒயில் தானாக வடியும் வாளைத் தேர்ந்தெடுங்கள். குட்டி வாள்கள் பலவற்றில் அது இல்லை, நாமே சொட்டுச் சொட்டாக விடவேண்டும், மறந்தால் பட்டை நீலம்பாரித்துவிடும். சங்கிலிக்கென்று விற்கும் ஒயில் கிடைக்காவிட்டாலும் மோட்டார் சைக்கிளில் வடித்த கழிவு ஒயிலை விடாதீர்கள். அதில் இரும்புத்தூள் இருக்கும், பம்பை அடைக்கும், தோலுக்கும் கெடுதி. வைத்த இடத்தில் கொஞ்சம் ஒயில் கசிவது வழமை, பழுதென்று கடைக்குக் கொண்டோடவேண்டாம். அடியில் ஒரு மட்டையை வைத்தால் சரி.

எங்கள் மரங்களுக்குள் இருக்கும் இரும்பு

கம்பனிக் கையேடுகளில் இல்லாத பகுதி இது. எங்களூரில் இதுதான் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வன்னியிலும் தென்மராட்சியிலும் பளைப் பக்கத்திலும் 2009க்கு முன்பு நின்ற எந்த மரத்துக்குள்ளும் ஷெல்துண்டோ சன்னமோ இருக்கலாம். மரம் அதை மூடிக்கொண்டு வளர்ந்திருக்கும். இந்தக் காரணத்துக்காகவே அரிவு ஆலைகள் எங்கள் பகுதி மரத்தைத் தயங்கித்தான் எடுக்கின்றன. ஓடும் சங்கிலி இரும்பில் பட்டால் பல் முறியும், பொறி பறக்கும், முறிந்த பல் முகத்துக்கும் வரலாம். வேலி மரங்களில் ஷெல்துண்டைவிட முள்ளுக்கம்பியும் ஆணியும்தான் அதிகம். இடம்பெயர்ந்து போன வருடங்களில் பூவரசு கம்பியை விழுங்கி நிற்கும்.

அரியமுன் பட்டையைச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வீக்கம், மூடிய வாய்போன்ற தழும்பு, பிசின் வடிந்த கறை இருந்தால் அரையடி தள்ளி வையுங்கள். பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தைத் தடவிப் பார்ப்பது தோலோடு இருக்கும் இரும்புக்கு உதவும், ஆழத்தில் இருப்பதற்கு உதவாது. அரியும்போது மரம் கறுநீலமாக மாறினால் உடனே கையை எடுங்கள். இரும்பின் துரு மரச்சாற்றோடு சேர்ந்தால் அந்த நிறம் வரும், இரும்பு கிட்ட இருக்கிறது என்று அர்த்தம். என் வேம்பில் அந்த நிறத்தைக் கண்டு நிறுத்தினேன். கோடாலியால் கொத்தியபோது சுண்டுவிரல் நீளத் துண்டொன்று வந்தது. என் தோளில் இருப்பதும் ஏறத்தாழ அந்த அளவு என்று எக்ஸ்றேயில் பார்த்திருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிதுநேரம் நின்றேன். பிறகு கோழிகள் கொத்தாத இடமாகப் போட்டேன்.

சன்னமோ துண்டோ அல்லாமல் முழு உருவில் ஏதாவது மரப்பொந்திலோ வேரடியிலோ தெரிந்தால் வாளை நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி, பொலிஸுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. மிதிவெடி அகற்றி ஒப்படைக்காத காணிக்குள், அது சொந்தக் காணியாக இருந்தாலும், பற்றை வெட்ட வாளோடு போகாதீர்கள். வெட்டிய கொப்புகளைக் குவித்து எரிப்பதிலும் கவனம் தேவை. குப்பைக்கு நெருப்பு வைத்தபோது மண்ணுக்குள் கிடந்தது வெடித்த செய்திகளை நாங்கள் எத்தனை முறை வாசித்துவிட்டோம். அடிக்கடி மண் கொத்திய இடத்தில், அல்லது அகழ்ந்து பார்த்த கிடங்கில் மாத்திரம் எரியுங்கள். எரிக்காமல் பசளைக்கு விடுவது இன்னும் நல்லது.

தலையில்லாமல் நிற்கும் பனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முகமாலையிலும் பளையிலும் அவற்றைக் கண்டிருப்பீர்கள். பட்டு நிற்கும் பனையை வீட்டு வாளால் தொடாதீர்கள். வெளிவைரம் கல்லுப்போல, உள்ளே சோறு. நார் சங்கிலிச் சில்லில் சுற்றிக்கொள்ளும். அரியும் அதிர்வில் மேலிருந்து துண்டு கழன்று விழும். அது அனுபவமுள்ள இரண்டு மூன்று பேர் கயிறோடு செய்யும் வேலை. வடலி மட்டை கழிக்க வாள் நன்றாக உதவும்.

காயம் வராமல்

பட்டை நுனியின் மேற்பாதி மரத்தில் முட்டினால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். கண்மூடித் திறக்கமுன் நடக்கும். அதைத் தடுக்க முன்கைபிடிக்கு மேலே ஒரு தடுப்பு இருக்கும், கை பட்டதும் சங்கிலி நிற்கவேண்டும். அது இல்லாத பெரிய வாளை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். குட்டி வாள்கள் பலவற்றில் அது கிடையாது. அவற்றில் ஆபத்து வேறு வகையில் வரும். ஒரு கையால் வாள், மறு கையால் கொப்பு என்று பிடிக்கத் தோன்றும். வாள் வழுக்கினால் போவது கொப்பைப் பிடித்த கை.

ஒரு கையை இழந்தவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேராகச் சொல்கிறேன். சங்கிலி வாள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கவேண்டிய சாமான். அவர்களுக்கு நல்ல மடக்கு வாளும், கொப்பை அசையாமல் பிடிக்கும் மரக்குதிரையும் பொருத்தம். பொய்க்காலோடு வேலை செய்பவர்கள் நிலத்தில் வெட்டிப்போட்ட கட்டைகளை மரக்குதிரையில் வைத்து இடுப்புயரத்தில் அரியலாம். சரிவிலும் ஈர மண்ணிலும் வேண்டாம். ஏணியில் நின்று அரிவது யாருக்கும் வேண்டாம். உயரத்துக்கென்று தடியில் பூட்டிய வாள்கள் இருக்கின்றன, அவற்றோடு நிலத்திலேயே நிற்கலாம். ஆனால் மின்கம்பிக்குக் கிட்ட அதையும் கொண்டுபோகக்கூடாது. பற்றரி வாள்தானே, கரண்ட் அடிக்காது என்று ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டேன். கம்பியில் பட்டால் எந்த வாளும் ஒன்றுதான். மின்சார சபைக்குச் சொல்லி வெட்டுவியுங்கள்.

கண்ணாடி, சப்பாத்து, கட்டையான நீளக் காற்சட்டை இந்த மூன்றும் குறைந்தபட்சம். சேலை, சாரம், தாவணி, அவிழ்த்த தலைமுடி எதுவும் கூடாது. நான் மகனின் பழைய ஜீன்ஸைப் போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அடுத்த மாதம் தன் மாமரத்துக்கு என்னைக் கூப்பிட்டார். தனியாக அரியாதீர்கள், கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். பெற்றோல் மெசின் சத்தத்தால் எச்சரிக்கும். பற்றரி வாள் கையை எடுத்தால் அமைதியாகிவிடும், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். ஆகவே சங்கிலியைத் தொடமுன்னும் வாளை வைக்கமுன்னும் பற்றரியைக் கழற்றுங்கள்.

தாள்கள்

2019 பெப்ரவரியில் செயின்சோ வைத்திருப்பவர்கள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதியவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. பற்றரி என்றாலும் அதுவும் செயின்சோதான் என்று எடுத்துக்கொண்டு, வாங்கமுன் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். எங்கள் பகுதியில் எதை வைத்திருந்தாலும் ஏன் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்கும் நாள் வரும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அனுப்பியவரிடம் பற்றுச்சீட்டின் படத்தையாவது எடுத்து வையுங்கள்.

மரத்துக்கும் சட்டம் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்கமுடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மற்ற மரங்களையும் அரிந்து ஏற்றிக்கொண்டு வீதிக்கு வந்தால் வேறு அனுமதி தேவைப்படலாம். கிராம சேவையாளரிடம் ஆரம்பியுங்கள்.

வைத்திருக்கும் முறை

தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெய்யிலில், பற்றரியை விட்டால் இரண்டு வருடத்தில் பாதி சக்தி போய்விடும். வீட்டுக்குள்ளே குளிர்ச்சியான மூலையில், நிலமட்டத்தில் வையுங்கள். நீண்ட நாள் பாவிக்காவிட்டால் முழுதாக ஏற்றி வைக்காதீர்கள், முழுதாக இறங்கவும் விடாதீர்கள், பாதியளவில் இருக்கட்டும். அரிந்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். பற்றரி கூடச் சுட்டிருந்தால் பெரும்பாலான சார்ஜர்கள் ஏற்றவும் மாட்டா, விளக்குக் காட்டும். பழுதென்று நினைக்காமல் அரை மணித்தியாலம் நிழலில் வைத்துவிட்டுப் போடுங்கள். வீங்கிய பற்றரியை ஏற்றவே கூடாது. சோலார் இன்வேட்டரில் ஏற்றுபவர்கள் அது சுத்தமான அலை தரும் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவு இன்வேட்டர்கள் சார்ஜரைக் கெடுக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு பாவனைக்குப் பின்னும் சங்கிலியைத் துடைத்து ஒயில் பூசுங்கள், உப்புக்காற்று ஒரு கிழமையில் துருவேற்றிவிடும்.

இன்றைக்கு மறுபடி வாங்குவதென்றால் நான் எடுப்பது: 18 வோல்ற், 5 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டு, 10 அங்குலப் பட்டை, பிரஷ் இல்லாத மோட்டார், கை பட்டால் நிற்கும் தடுப்பு, தானாக வடியும் ஒயில், கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ சங்கிலி கிடைக்கும் கம்பனி. துறப்பணம் ஏதும் வீட்டில் இருந்தால் அதே பற்றரி போகும் வாளாகப் பாருங்கள், பாதிச் செலவு மிச்சம். பற்றரி தவிர்த்து வாள் மட்டும் விற்பார்கள். அந்த முதல் குட்டி வாள் இப்போது மருமகனின் கடையில், உள்ளே இருந்த ஐந்து செல்லும் கழற்றப்பட்டு, ஒரு பையனின் ரோச்சுக்குப் போய்விட்டது.